ப்ளீச்: உரஹாரா கிசுகே மேல் விழுந்த தீர்ப்பு பொய். ருக்கியாவுக்கு அவர் செய்தது? (மங்கா முடிவு வரை கதை உடையும்)

#1 பன்னிரண்டாம்படை

குபோவின் ப்ளீச் மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை) வரும் உரஹாரா கிசுகே பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'செய்யாத குற்றத்துக்கு நாடுகடத்தப்பட்ட மேதை' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் அந்த ஆளில் பாதிதான் நம் கைக்கு வருகிறது. மீதியைப் பேசலாம் என்றுதான் இந்த இழை. மங்கா 2016இல் 686ஆம் அத்தியாயத்தோடு முடிந்துவிட்டது, அதனால் கடைசிவரை எடுத்துப் பேசுவேன். அனிமே மட்டும் பார்ப்பவர்கள் கவனம்.

முதலில் வழக்கு. எதிர்மறை எண் போட்டு வந்த அத்தியாயங்களில் இருக்கிறது, -108 முதல் -97 வரை. அனிமேயில் 206 முதல் 212 வரை. முக்கியக் கதைக்கு 110 வருஷம் முன்னால் உரஹாரா ஷினிகாமிகளின் (இறந்தோர் ஆன்மாக்களை வழிநடத்தும் ஆன்ம வீரர்கள்) 12ஆம் படையின் கேப்டனாக வருகிறார். அதற்கு முன் தோழி யொருய்ச்சி கேப்டனாக இருந்த 2ஆம் படையில் மூன்றாம் இருக்கை (படைக்குள் மூன்றாவது பதவி). வந்த கையோடு ஷினிகாமி ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, படையின் முகத்தையே மாற்றிவிடுகிறார். ஒன்பது வருஷம் கழித்து ருகொங்காயில் (ஆன்ம உலகமான சோல் சொசைட்டியின் வெளிப்புறக் குடியிருப்பு) ஆட்கள் காணாமல் போகிறார்கள். உடுத்தியிருந்த துணி மட்டும் தரையில் கிடக்கிறது. அதை விசாரிக்கப் போன ஹிராகோ ஷின்ஜி, முகுருமா கென்செய் உட்பட எட்டுப் பேர் ஹாலோவாக (ஆன்மாக்களைத் தின்னும் தீய ஆவி) மாற ஆரம்பிக்கிறார்கள். செய்தது ஹிராகோவின் துணைத் தளபதி ஐசன். உரஹாராவும் கிடோ (ஷினிகாமிகளின் மந்திரம்) படைத்தலைவர் டெஸ்ஸாயும் அந்த எட்டுப் பேரையும் தூக்கிக்கொண்டு வந்து இரவோடு இரவாகக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். விடிந்ததும் சோல் சொசைட்டியின் நீதிமன்றமான சென்ட்ரல் 46 முன் குற்றவாளிகளாக நிற்பது இவர்கள் இரண்டு பேர்.

ஐசன் பெயரைச் சொன்னதுமே நீதிமன்றம் வாயை அடைக்கிறது. அன்றைக்கு இரவு ஐசன் செரெய்தெயை (ஷினிகாமிகளின் தலைநகர்) விட்டு வெளியே காலே வைக்கவில்லை என்பதற்குக் கூட்டமாகச் சாட்சி இருக்கிறது. உரஹாராவின் ஆய்வுக்கூடத்தில் ஹாலோ ஆராய்ச்சிக்கான தடயமும் கிடைத்துவிட்டது. தீர்ப்பு வருகிறது: உரஹாராவின் ஆற்றலைப் பறித்து மனித உலகத்துக்கு நிரந்தரமாக நாடுகடத்தவேண்டும். காலத்தை நிறுத்தும் தடைசெய்யப்பட்ட கிடோவைப் பயன்படுத்தியதற்கு டெஸ்ஸாய்க்குச் சிறை. எட்டுப் பேரையும் ஹாலோ என்று கணக்குப் போட்டு ஒழித்துக்கட்டவேண்டும். யொருய்ச்சி உள்ளே புகுந்து எல்லோரையும் மீட்டு வராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அநியாயமான தீர்ப்பு. இதில் எனக்கு யாரோடும் வாக்குவாதம் இல்லை.

ஆனால் ஹோக்யோகுவை உண்டாக்கியது உரஹாரா. ஷினிகாமிக்கும் ஹாலோவுக்கும் நடுவில் இருக்கும் எல்லையை உடைக்கும் பொருளை ஐசன் எவ்வளவு தேடினாரோ, அதே அளவு இவரும் தேடினார். ஆபத்து என்று தெரிந்ததும் அழிக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் முத்திரையிட்டு எங்கே ஒளித்தார்? ருக்கியா என்ற ஷினிகாமியின் ஆன்மாவுக்குள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அவள் பயன்படுத்தக் கொடுத்த கிகாய் (மனித உலகில் தங்க உதவும் செயற்கை உடல்) அவளுடைய ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ஒருநாள் அவளைச் சாதாரண மனுஷியாக்கிவிடும். ஹோக்யோகுவும் யார் கண்ணுக்கும் படாமல் போய்விடும். அதுதான் திட்டம்.

அவர் செய்யாத குற்றத்துக்குத் தீர்ப்பு வந்தது. செய்த இந்தக் காரியத்தை எந்த நீதிமன்றமும் கையில் எடுக்கவில்லை. இதைத்தான் பேசவேண்டும் என்கிறேன்.

#2 இரவுக்குயில்

நண்பரே, ருக்கியா விஷயத்தில் நீங்கள் ரொம்பக் கறாராக இருக்கிறீர்கள்.

உரஹாராவின் நிலைமையில் நின்று பாருங்கள். எதிரி யார் என்று தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அத்தனை பேரும் தலைமறைவு. எதிரியோ கேப்டன் உடையில் செரெய்தெய் முழுவதும் நல்ல பெயரோடு உலாவுகிறார். அவருடைய வாளின் மாயையில் ஒருமுறை சிக்கியவர் கண்ணையே நம்பக்கூடாது. ஹிராகோ ஒரு மாதம் தன் பின்னால் வந்தது ஐசன் என்றே நம்பினார். வேறு ஒருவனை ஐசனாகக் காட்டியிருக்கிறார்கள் என்று அனுபவமுள்ள கேப்டனுக்கே தெரியவில்லை. இப்படிப்பட்ட ஆளிடமிருந்து ஒரு பொருளை மறைக்க என்ன வழி? பெட்டியில் பூட்டினால் தேடுவார். மனித உலகில் அவர் நடத்தும் மிட்டாய்க் கடையில் வைத்தால் முதலில் அங்கேதான் வருவார். யாருக்கும் தெரியாத இடத்தில், சுமப்பவருக்கே தெரியாமல் வைப்பதுதான் ஒரே வழி.

ருக்கியா 13ஆம் படை ஆள். அவளிடம் சொன்னால் அவள் தன் கேப்டன் உகிடாகேவிடம் சொல்வாள். உகிடாகே நல்லவர், அதனால் மற்ற கேப்டன்களிடம் கொண்டுபோவார். அந்தக் கூட்டத்தில் ஐசனும் உட்கார்ந்திருப்பார். அதோடு கதை முடிந்தது.

அழிக்கமுடியாத ஒன்றைக் கையில் வைத்திருப்பவனுக்கு நல்ல வழி என்று ஒன்று கிடையாது. இருப்பதில் குறைந்த கெடுதலை எடுத்தார், அவ்வளவுதான்.

#3 வெண்முகமூடி

நான் விசார்டுகள் (ஹாலோ ஆற்றல் ஏறிய அந்த எட்டுப் பேர்) பக்கத்து ஆள், பெயரைப் பார்த்தாலே தெரியும். எனக்கு ருக்கியாவை விட ஹியோரிதான் முதலில் நினைவுக்கு வருகிறாள்.

காணாமல் போகிறவர்களைப் பற்றிய தகவல் வந்ததும் மாதிரிகளை எடுத்து வரச் சொல்லி ஹியோரியை அனுப்பியது உரஹாராதான். அவருடைய சொந்தத் துணைத் தளபதி. முனகிக்கொண்டே போனாள். அவள் போன பிறகுதான் செய்தி வருகிறது: கென்செய்யும் மஷிரோவும் இருந்த இடத்தில் அவர்கள் சுவடே தெரியவில்லை. நடுராத்திரியில் கேப்டன்கள் அவசரமாகக் கூடுகிறார்கள். உரஹாரா மூச்சுவாங்க ஓடிவந்து, தன்னைப் போகவிடும்படி தலைமைக் கேப்டன் யமமோதோவிடம் கெஞ்சுகிறார். என் துணைத் தளபதி அங்கே இருக்கிறாள், நான் போகவேண்டும் என்கிறார். கிழவர் மறுத்துவிடுகிறார். யொருய்ச்சியே அவரை அதட்டுகிறார்.

அந்தக் காட்சியில் உரஹாராவின் முகத்தை ஒருமுறை நின்று பாருங்கள். பிற்பாடு விசிறியும் தொப்பியுமாக எதற்கும் அலட்டிக்கொள்ளாமல் திரிகிற அந்த மனுஷனுடைய முகமே இல்லை அது. நெற்றியெல்லாம் வியர்வை, கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. கூட்டம் கலைந்ததும், ஆற்றலை மறைக்கும் தன் மேலங்கியை எடுத்துப் போர்த்திக்கொண்டு உத்தரவை மீறிக் கிளம்பிவிடுகிறார்.

என் வாதம் இதுதான். உரஹாரா பிற்பாடு யாரிடமும் அனுமதி கேட்காமல், யாரிடமும் எதையும் சொல்லாமல் காரியம் செய்கிறார் அல்லவா? அந்தப் பழக்கம் அந்த ஒரே இரவில் பிறந்தது. முறைப்படி கேட்டார், மறுத்தார்கள். மறுநாள் முறைப்படி உண்மையைச் சொன்னார், தண்டித்தார்கள். அதற்கு மேலும் முறையை நம்பவேண்டும் என்று அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமா?

#4 தேநீர்நேரம்

நான் அனிமே மட்டும் பார்த்தவள், கடைசிப் பகுதியான ஆயிரம் ஆண்டு இரத்தப்போர் வந்தவரைக்கும். வெண்முகமூடி அண்ணா சொன்னது மனசுக்குப் படுகிறது. ஆனால் ஒரு சந்தேகம். அந்த எட்டுப் பேரை அவர் எப்படிக் காப்பாற்றினார் என்பது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஹோக்யோகுவால் குணமாக்கினாரா இல்லையா? அப்புறம் கதாநாயகன் இச்சிகோவின் அம்மா கதையில் உரஹாரா வருகிறாரே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

#5 பன்னிரண்டாம்படை

தொடர்பு உண்டு சகோதரி. என் வாதத்துக்கே அதுதான் அடித்தளம், கேட்டதற்கு நன்றி.

ஹோக்யோகு அவர்களை பழையபடி ஆக்கவில்லை. ஷினிகாமிக்குள் ஹாலோ புகுந்தால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எல்லை உடைந்து ஆன்மா தன்னையே அழித்துக்கொள்ளும். அதைத் தடுக்க எதிர்த்தன்மை உள்ள ஒன்றை உள்ளே செலுத்திச் சமன்படுத்தவேண்டும். ஹாலோவுக்கு எதிர் குவின்ஸி (ஹாலோக்களை ஒளி அம்பால் அழிக்கும் மனித இனம்), ஷினிகாமிக்கு எதிர் மனிதன். அதனால் குவின்ஸியின் ஒளி அம்பையும் மனித ஆன்மாவையும் கொண்டு ஒரு தடுப்பு மருந்து தயாரித்து அவர்களுக்குச் செலுத்தினார். ஹாலோ உள்ளேயே இருந்தது, ஆனால் ஆன்மா உடையவில்லை.

இதை அவர் விளக்கிச் சொல்வது எங்கே தெரியுமா? இச்சிகோவின் பெற்றோர் கதையில், ஆயிரம் ஆண்டு இரத்தப்போர் அனிமேயின் 2022இல் வந்த முதல் பாகத்தில். ஐசன் உண்டாக்கிய ஒயிட் என்ற ஹாலோ பின்னாளில் இச்சிகோவின் அம்மாவாகும் மசாகியைக் கடித்துவிடுகிறது. அவள் குவின்ஸி, உள்ளே ஹாலோ ஏறிக்கொண்டிருக்கிறது. உயிர் போகும் நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு வரும் இஷிதா ரியூகெனையும், பின்னாளில் இச்சிகோவின் அப்பாவாகும் 10ஆம் படை கேப்டன் இஷ்ஷினையும் உரஹாரா தன் கடைக்கு அழைத்துப் போகிறார்.

அங்கே அவர் பேசுவதை வரிவரியாகக் கவனியுங்கள். அவளை முழுசாகக் குணப்படுத்த முடியாது என்று முதலில் சொல்லிவிடுகிறார். உயிரோடு வைத்திருக்க ஒரு வழி இருக்கிறது, அதற்கு ஒரு ஷினிகாமி தன் ஆன்மாவை அவளோடு பிணைத்துக்கொண்டு ஒரு விசேஷ கிகாய்க்குள் வாழவேண்டும் என்கிறார். அப்படிச் செய்தால் இஷ்ஷின் ஷினிகாமியாக இருக்கமுடியாது, திரும்பிப் போகமுடியாது, அவள் வாழ்கிற காலம் முழுவதும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். இஷ்ஷின் யோசிக்காமல் சரி என்கிறார். யோசிக்கவேண்டாமா என்று உரஹாராவே மறுபடியும் கேட்கிறார். விலையைச் சொல்லி, ஒருமுறைக்கு இரண்டுமுறை சம்மதம் கேட்டு, அப்புறம்தான் கையை வைக்கிறார்.

இது நடந்தது இச்சிகோ பிறப்பதற்கு முன். அதாவது ருக்கியா விவகாரத்துக்கும் பல வருஷம் முன்னால். நாடுகடத்தலுக்கோ வெகுகாலம் பிறகு. ஆகவே வெண்முகமூடி சொல்வதுபோல் அந்த இரவோடு உரஹாராவின் நம்பிக்கை அடியோடு போய்விடவில்லை. ஒருவருடைய வாழ்க்கையை மாற்றும் முன் அவரைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். கேட்கவும் செய்தார். இஷ்ஷினைக் கேட்டார், ருக்கியாவைக் கேட்கவில்லை.

இரண்டு காரியமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு ஷினிகாமி, ஒரு கிகாய், முடிவில் ஆற்றல் போய்விடும். ஒன்றில் சம்மதம் இருந்தது, இன்னொன்றில் இல்லை. இவ்வளவு பக்கத்தில் இரண்டையும் குபோ வைத்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

#6 இரவுக்குயில்

நல்ல ஒப்பீடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் விட்டுவிட்ட ஒரு வித்தியாசம் இருக்கிறது. இஷ்ஷின் சம்மதித்த நிமிஷத்தோடு சோல் சொசைட்டியோடு அவருக்கு இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. அவர் வாயிலிருந்து ரகசியம் வெளியே போக வழியே இல்லை. ருக்கியாவுக்கு அப்படி இல்லை. வேலை முடிந்தால் திரும்பிப் போகவேண்டியவள்.

இன்னொன்று, இஷ்ஷின் விஷயத்தில் ஆபத்து ஒரு பெண்ணுக்கு. ஹோக்யோகு விஷயத்தில் ஆபத்து உலகத்துக்கே. அந்த எடையை நீங்கள் தராசில் வைக்கவே இல்லை.

#7 பன்னிரண்டாம்படை

வைத்துத்தான் சொல்கிறேன். அந்தத் திட்டம் தோற்றுப்போனதே! ஐசன் கண்டுபிடித்துவிட்டார். சென்ட்ரல் 46ஐ ஒருவர் விடாமல் கொன்றுவிட்டு, அவர்கள் பெயரில் ருக்கியாவுக்கு மரண தண்டனை உத்தரவு போட்டார். சொக்யோகு என்ற மரண தண்டனைக் கருவியின் சூட்டில் அவள் ஆன்மா சிதறினால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்பது கணக்கு. அது நடக்காதபோது வேறு வழியில் அவள் உடம்புக்குள் கையை விட்டு எடுத்தார். அந்த வழியையும் உரஹாராவின் பழைய ஆராய்ச்சியிலிருந்துதான் கற்றுக்கொண்டார். தூக்குமேடைவரை போய் நின்றவளுக்கு, எதற்காகச் சாகிறோம் என்றே தெரியாது. தன் அதிகாரத்தை ஒரு மனிதப் பையனுக்குக் கொடுத்தது குற்றம், அதற்குத்தான் தண்டனை என்று நம்பி, தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. உலகத்தின் எடையைச் சொல்கிறீர்கள், அந்த எடை முழுவதையும் தூக்கிச் சுமந்தவளுக்கு அது தெரியவேண்டாமா?

#8 கரிசல்காட்டான்

எல்லோரும் ஹோக்யோகுவிலேயே நிற்கிறீர்கள். ஒரு விஞ்ஞானியாக உரஹாராவைப் புரிந்துகொள்ள இன்னும் பின்னால் போகவேண்டும், 'புழுக்களின் கூடு' வரைக்கும்.

2ஆம் படையின் வளாகத்துக்குள், தரைக்குக் கீழே அந்த இடம். உள்ளே இருப்பவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். ஆபத்தானவர்கள், படைக்கு ஒத்துவராதவர்கள் என்று மேலே இருப்பவர்கள் முடிவுசெய்துவிட்டால் போதும், அந்த ஆள் படையிலிருந்து விலகிவிட்டான் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு இங்கே தள்ளிவிடுவார்கள். விசாரணை கிடையாது. அந்த இடத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர் உரஹாராதான். வாளை எடுத்துக்கொண்டு உள்ளே போகக்கூடாது என்பது விதி, அதனால் வெறும் கையோடு அத்தனை பேரையும் அடக்குவார்.

கேப்டன் ஆனதும் அவர் செய்த முதல் பெரிய காரியம் என்ன? ஹியோரியைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பிப் போனார். மற்றவர்கள் எல்லாம் உள்ளே தாராளமாக நடமாடிக்கொண்டிருக்க, ஒரே ஒருவனை மட்டும் தனி அறையில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். குரோட்சுச்சி மயூரி. அவனிடம் போய், ஆராய்ச்சிக் கழகம் ஒன்று தொடங்கப் போகிறேன், நீ துணைத்தலைவனாக வா என்கிறார். நான் செத்தால் எல்லாம் உனக்குத்தான் என்று ஆசையும் காட்டுகிறார். குற்றம் செய்யாமலே அடைக்கப்பட்டவனை வெளியே கொண்டுவந்தவர், ஒன்பது வருஷத்தில் தானே குற்றம் செய்யாமல் தண்டிக்கப்படுகிறார். நான் இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் இந்த அமைப்பில்தான் நிற்கிறேன்.

ஆனால் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மயூரி வெளியே வந்து என்ன செய்தான்? இச்சிகோவின் நண்பன் இஷிதாவின் தாத்தா சோகெனையும் இன்னும் எத்தனையோ குவின்ஸிகளையும் ஆய்வுக்காகச் சித்திரவதை செய்து கொன்றான். அந்தக் கதவைத் திறந்த கை உரஹாராவுடையது. மயூரியை அப்படியே சங்கிலியில் விட்டிருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், விசாரணை இல்லாமல் அடைப்பது அநியாயம். ஆனால் திறந்துவிட்ட ஒன்பதாவது வருஷம் உரஹாரா காணாமல் போகிறார், கழகம் மொத்தமும் மயூரி கைக்குப் போகிறது, அவனைக் கட்டுப்படுத்த அங்கே யாரும் இல்லை. சென்ட்ரல் 46 தப்பான ஆளைத் துரத்தியதால் வந்த மிகப் பெரிய நஷ்டம் இதுதான் என்பேன். உரஹாரா இருந்திருந்தால் சோகெனுக்கு அந்த முடிவு வந்திருக்காது.

#9 தேநீர்நேரம்

கரிசல்காட்டான் அண்ணா, அப்படியென்றால் இரண்டு பேருக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? இருவரும் மற்றவர்களைக் கேட்காமல் ஆராய்ச்சிக்குள் இழுத்துவிடுகிறார்கள்தானே?

#10 கரிசல்காட்டான்

அறிவை எதற்காகத் தேடுகிறார்கள் என்பதில் இருக்கிறது வித்தியாசம். மயூரிக்கு ஆராய்ச்சியே முடிவு. ஸாயெலபோரோ என்ற எதிரி விஞ்ஞானியோடு சண்டை போடும்போது அவன் சொல்வதைக் கேளுங்கள்: முழுமை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குமேல் விஞ்ஞானிக்கு வேலையே இல்லை, அதனால் முழுமையை வெறுக்கிறேன் என்கிறான். நேர்மையான பேச்சு. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு மனுஷன்கூட இல்லை.

உரஹாராவிடம் கான் என்ற செயற்கை ஆன்மாவின் விஷயத்தைப் பாருங்கள். இப்படிப்பட்ட மோட் சோல்கள் எல்லாவற்றையும் அழித்துவிடும்படி சோல் சொசைட்டி உத்தரவு போட்டிருந்தது. கடையிலிருந்து தவறுதலாக ஒன்று ருக்கியாவிடம் போய்விடுகிறது. திரும்ப வாங்கி அழிக்க வந்தவர், நான் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்று ருக்கியா மறித்ததும் விட்டுவிடுகிறார். இதனால் வம்பு வந்தால் எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். கதையின் ஆரம்பத்தில் வரும் சின்னச் சம்பவம்தான். ஆனால் உயிருள்ள ஒன்றைச் சட்டம் குப்பை என்று சொன்னால், அவர் அந்தச் சட்டத்தின் பக்கம் நிற்பதில்லை. ஹாலோ என்று கணக்குப் போடப்பட்ட அந்த எட்டுப் பேருக்காக நின்றதும் இதே காரணத்துக்குத்தான்.

#11 வெண்முகமூடி

படை நண்பர் எந்த நீதிமன்றமும் கையில் எடுக்கவில்லை என்றார். ஒரே ஒரு விசாரணை நடந்தது. ருக்கியா மீட்புக்குப் பிறகு இச்சிகோவும் நண்பர்களும் மனித உலகத்துக்குத் திரும்பும் காட்சி.

வானத்திலிருந்து விழுகிறவர்களை உரஹாரா தன் பறக்கும் துணியில் பிடித்துக்கொள்கிறார். கொஞ்சநேரம் வழக்கமான விளையாட்டுப் பேச்சு. அப்புறம் இச்சிகோவின் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றுகிறார், தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறார். அந்தத் தொப்பி இல்லாமல் அவரைப் பார்ப்பதே அபூர்வம்.

இச்சிகோ கோபப்படுவதில்லை. நீங்கள் நல்லது செய்யத்தான் பார்த்தீர்கள், எங்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், அதற்கு நன்றிதான் சொல்லவேண்டும் என்கிறான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: உண்மை தெரிந்தால் பயந்து ஓடிவிடுவேன் என்று நினைத்துத்தான் சொல்லாமல் விட்டீர்களா? ஆமாம் என்று உரஹாரா ஒளிக்காமல் சொல்கிறார். உடனே முகத்தில் ஒரு முழங்கை இடி. என்னை அப்படி நினைத்ததுதான் எனக்கு ஆத்திரம் என்கிறான். ருக்கியாவிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சொல்லிவிடுகிறான்.

பதினைந்து வயசுப் பையன் எவ்வளவு சரியாகக் குறிபார்க்கிறான் பாருங்கள். ஹோக்யோகு பற்றிக் கேட்கவில்லை, ஆபத்தில் தள்ளியதைப் பற்றிக் கேட்கவில்லை. என்னை ஏன் நம்பவில்லை என்பதுதான் அவன் கேள்வி. 46 பேர் உட்கார்ந்து விசாரித்தும் கேட்கத் தெரியாத கேள்வி அது.

#12 பன்னிரண்டாம்படை

அருமை. அந்த முழங்கை இடிக்குப் பிறகு உரஹாராவின் நடத்தையில் ஒரு மாற்றம் தெரிகிறது என்பது என் கருத்து. இச்சிகோவின் தோழி ஒரிஹிமேயிடம் இந்தப் போரில் நீ வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது, நண்பன் சாடோவுக்கே பொறுக்கவில்லை. ஆனாலும் மறைக்காமல் சொல்கிறார். ஐசனோடான போருக்காக இச்சிகோவின் ஊரான கராகுராவுக்குப் பதில் போலி நகரம் அமைக்கும்போது தன்னைத் துரத்திய அதே யமமோதோவின் படைகளோடு சேர்ந்து வேலை செய்கிறார். நான்கு தூண்களை நட்டு நகரம் முழுவதையும் சோல் சொசைட்டிக்கு இடம் மாற்றும் அமைப்பு அவருடைய கைவேலை. முன்பு தனியாக முடிவெடுத்துத் தனியாகச் சுமந்தவர், இப்போது கூட்டத்தில் ஒருவராக நிற்கிறார்.

ஐசனை முடக்கியதும் அந்தச் சண்டையில்தான். ஐசன் கவனிக்காத ஒரு கணத்தில் வேறொரு கிடோவுக்குள் மறைத்து அவர் உடம்பில் முத்திரையைச் செலுத்திவிட்டார். இச்சிகோ அடித்து ஐசனின் ஆற்றல் தாழ்ந்தபோது அது தானே விழித்துக்கொண்டது. ஐசனைத் தோற்கடிப்பது தன்னால் ஆகாத காரியம் என்று அவருக்குத் தெரியும். அதனால் இன்னொருவர் தோற்கடிக்கும் நேரத்துக்காகத் தன் பங்கை முன்கூட்டியே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

முத்திரைக்குள் அடைபடும்போது ஐசன் கத்துகிறார்: உன்னைப் போன்ற அறிவாளி ஏன் அந்த ஆன்ம அரசனுக்கு அடிபணிந்து இருக்கிறாய்? அவர் இல்லாவிட்டால் உலகம் சிதறிவிடும் என்கிறார் உரஹாரா. அது தோற்றவர்களின் வாதம், வெல்பவன் உலகம் எப்படி இருக்கவேண்டும் என்று பேசவேண்டும் என்கிறார் ஐசன். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும், இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பொருளை உண்டாக்கினார்கள். இருக்கிற உலகத்தை, அதன் அழுக்கோடு, உடையாமல் பிடித்திருப்பதைத் தேர்ந்தெடுத்தவர் அந்த உலகத்தால் துரத்தப்பட்டவர். இந்த இடத்தில் உரஹாராவை நான் முழுமனசோடு மதிக்கிறேன்.

#13 தேநீர்நேரம்

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உண்மை வெளிவந்த பிறகு ஹிராகோ 5ஆம் படைக்கும், கென்செய் 9க்கும், ரோஸ் 3க்கும் கேப்டனாகத் திரும்பிவிட்டார்கள். உரஹாரா மட்டும் ஏன் மிட்டாய்க் கடையிலேயே இருக்கிறார்?

#14 கரிசல்காட்டான்

12ஆம் படையில் மயூரி இருக்கிறான், அந்த இடத்தைப் பிடுங்கிக்கொள்ள உரஹாராவுக்கு ஆசை இல்லை. கடையில் டெஸ்ஸாய் இருக்கிறார், ஜிந்தாவும் உருருவும் இருக்கிறார்கள், கீழே பயிற்சிக் குகை இருக்கிறது. நூறு வருஷத்தில் அவர் கட்டிய ஆய்வுக்கூடம் அதுதான். யாரிடமும் நிதியோ அனுமதியோ கேட்கவேண்டியதில்லை. குவின்ஸிகளின் அரசன் யஹ்வாக் தனக்குக் கவலை தரும் ஐந்து பேர் என்று பட்டியல் போடும்போது, எந்தப் படையிலும் இல்லாத இந்தக் கடைக்காரர் பெயரும் அதில் இருக்கிறது. அடுத்து என்ன வழியில் வருவார் என்று கணிக்கமுடியாதவர் என்பதற்காக.

அவருடைய பான்கையும் (ஷினிகாமியின் வாளுடைய உச்ச ஆற்றல்) இதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. தொட்டதைப் பிரித்து மறுபடி கட்டும் சக்தி. அஸ்கின் என்ற குவின்ஸியோடு சண்டையில் சிதைந்த தன் கண்களையே அதை வைத்துச் சரிசெய்துகொள்கிறார்.

#15 இரவுக்குயில்

கடைசியாக நானும் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் 'அவரைத் துரத்தியது எந்த ஆராய்ச்சிக்காக' என்பதை இந்த இழையில் யாரும் இன்னும் தொடரவில்லை.

ஆயிரம் ஆண்டுப் போரில் குவின்ஸிகள் கேப்டன்களின் பான்கையைத் திருடிவிடுகிறார்கள். இச்சிகோவுடையதை மட்டும் அவர்களால் எடுக்கமுடியவில்லை. ஏன் என்று உரஹாரா யோசிக்கிறார். இச்சிகோவின் ஆற்றலில் ஹாலோ கலந்திருக்கிறது, குவின்ஸிக்கு ஹாலோ விஷம். அப்படியானால் திருட்டுப்போன பான்கைக்குள் ஒரு கணம் ஹாலோ தன்மையை ஏற்றிவிட்டால் திருடியவன் அதைப் பிடித்திருக்கமுடியாது. அதற்கு ஒரு மாத்திரை செய்து அனுப்புகிறார். ஹிட்சுகாயா, சொய்ஃபோன், கோமமுரா என்ற கேப்டன்களுக்குப் பான்கை திரும்பி வருகிறது.

அது முழுக்க முழுக்க ஹாலோ ஆராய்ச்சி. சென்ட்ரல் 46 எதைத் தடைசெய்யப்பட்ட ஆராய்ச்சி என்று சொல்லி ஆற்றலைப் பறித்து அவரை விரட்டியதோ, அதே அறிவு. விசார்டுகளுக்குத் தடுப்பு மருந்து தயாரித்தபோதும், மசாகியை உயிரோடு வைத்தபோதும் அவர் சேர்த்துக்கொண்டே வந்த அதே அறிவு. செரெய்தெயின் கேப்டன்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டு போருக்குப் போகிறார்கள். அதிலும் சொய்ஃபோன்! யொருய்ச்சியைத் தன்னிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனவர் என்று நூறு வருஷமாக உரஹாராவைக் கரித்துக்கொட்டியவள்.

படை நண்பருக்கு என் பதில் இதுதான். ருக்கியாவைக் கேட்காதது தப்பு, அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால் அந்த மாத்திரை வந்தபோது எந்த மறைப்பும் இல்லை. இது என்ன, என்ன செய்யும் என்று விளக்கம் சொல்லித்தான் கொடுத்தார். எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அந்தந்தக் கேப்டன் கையில் இருந்தது.